எட்டாவது துணி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் உதவிக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "பாப்பா அழுதா நீயும் சேர்ந்து கத்துவியே" என்றான் அண்ணன். நர்சிங் கல்லூரியில் சேர, நூறு மணி நேரம் ஆஸ்பத்திரியில் உதவி செய்ததாகப் பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். அதில் தொண்ணூற்றிரண்டு மணி நேரத்தை முடித்திருந்தேன். ஒருவரோடும் சண்டை போடவில்லை. அண்ணன் முகத்தில் கரியைப் பூச இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

அந்த ஒரு நாளைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் அறை மூன்றாவது மாடியில். சக்கரம் வைத்த எட்டுத் தொட்டில்கள், கை கழுவும் தொட்டி, துணி அலமாரி, ஜன்னலோர மேஜையில் எடை மெஷின். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள் படுக்கும் வார்டு. என் வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். துணி மடிப்பது, தொட்டில் துடைப்பது, நாப்கின் அடுக்குவது, குழந்தை அழுதால் அதன் அம்மாவைக் கூப்பிடுவது. சிஸ்டரோ அம்மாவோ கையில் கொடுத்தாலொழிய குழந்தையைத் தூக்கக் கூடாது. முதல் நாளே பெரிய சிஸ்டர் இதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை என் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

இத்தனை எடுபிடி வேலைக்கு நடுவே மதிப்பான வேலை ஒன்றும் உண்டு. காலை எட்டு மணிக்கு எடை பார்க்கும்போது துணி மாற்றுவது. மெஷினில் துணியை விரித்து ஜீரோ பட்டனை அமுக்கினால் துணியின் எடை கழிந்துவிடும். அப்புறம் குழந்தையைக் கிடத்தினால் குழந்தையின் எடை மட்டும் தெரியும். ஒவ்வொரு குழந்தைக்கும் புதுத் துணி, ஒவ்வொரு துணிக்கும் ஒரு ஜீரோ. சுவரில் ஒட்டியிருக்கும் சட்டம் அதுதான். காலை ட்யூட்டி சிஸ்டரின் சட்டம் வேறு.

"எல்லாம் ஒரே துணி, ஒரே எடை. முதல்ல ஒரு தடவ ஜீரோ பண்ணிட்டா போதும். நீ துணிய மாத்து, நான் ஆள மாத்துறேன்" என்பார். எட்டுக் குழந்தைகளையும் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். நான் அவருக்கு எக்ஸ்பிரஸ் சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தேன். அது அவருக்கே தெரியும், பெருமையும் கூட. என்னை அந்த ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லாமல் "வாலு" என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். மத்தியானம் என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையா தின்னுட்டு நாள் பூரா நிக்கிற?" என்று தன் சாப்பாட்டில் பாதியைத் தள்ளுவார். ஏதோ மருந்து நேரத்தை எழுத மறந்ததற்கு அவருக்குப் போன மாதம் ஒரு மெமோ வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேறு பிரிவுக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள் என்று பேச்சு.

எட்டாவது தொட்டிலில் இருந்தவளை நாங்கள் சுண்டு என்போம். சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று அவள் அம்மாவே வைத்த செல்லப் பெயர். பிறந்தபோது இரண்டாயிரத்து நூற்றறுபது கிராம். அதன் பிறகு தினமும் இறக்கம்தான். ஆறாம் நாள் காலையில் இரண்டாயிரத்துப் பத்து. எடை ஏற ஆரம்பித்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுண்டுவின் அம்மா, அந்த அக்கா, ராத்திரி பகல் பார்க்காமல் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற அம்மாக்கள் வந்த மூன்றாம் நாளே மூட்டை கட்டிக் கிளம்புவதைப் பார்த்து, "எனக்குத்தான் பால் பத்தல போல" என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். பதில் சொல்லத் தெரியாமல் நாப்கின் அடுக்கப் போய்விட்டேன்.

ஏழாம் நாள் காலை. அதாவது என் கடைசி நாள். சலவையிலிருந்து மெல்லிய துணிகள் ஏழுதான் வந்திருந்தன. நான் எண்ணிப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டேன். ஏழு குழந்தைகள் முடிந்ததும் கை வெறும் மேஜையைத் தடவியது. எக்ஸ்பிரஸ் சிஸ்டர் சுண்டுவைத் தூக்கிக்கொண்டு நின்றார். துணி இல்லை என்று சொன்னால், "இத்தன நாளா என்னத்த கத்துக்கிட்ட?" என்பார். கடைசி நாளில் அந்தப் பேச்சை வாங்க எனக்கு மனமில்லை. அலமாரியில் குழந்தைகளைச் சுற்றும் தடித்த துணி இருந்தது. ஒன்றை உருவி, மெல்லிய துணி போலவே இரண்டாக மடித்து விரித்தேன். சிஸ்டர் சுண்டுவைக் கிடத்தினார். எண்ணைப் படிப்பது என் வேலை.

"ரெண்டாயிரத்து அம்பது!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் உள்ளே ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உன் கைராசிம்மா. நீ துணி போட்ட நேரம், ஏறிட்டா." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார், சார்ட்டைப் பார்த்தார், சுண்டுவை ஒரு பார்வை பார்த்தார். "நாப்பது கிராம் ஏறியிருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

இரண்டு மணிக்கு எக்ஸ்பிரஸ் சிஸ்டர் ட்யூட்டி முடிந்து கிளம்பினார். "நல்லா படி. உன் வாய மட்டும் கொஞ்சம் கொற" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். நான் சலவையிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்து மடிக்க உட்கார்ந்தேன். மெல்லிய துணி ஒரு அடுக்கு, தடித்த துணி ஒரு அடுக்கு. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று எடுத்தபோது வலது கை கொஞ்சம் தாழ்ந்தது.

இரண்டு துணிகளையும் எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனேன். மதிய சிஸ்டர் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மெல்லிய துணியை வைத்தேன். ஐம்பது. அதை எடுத்துவிட்டுத் தடித்ததை வைத்தேன். நூற்றிருபது.

எழுபது கிராம். எனக்குக் கணக்கு வராது என்று வாத்தியார்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு மட்டும் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐம்பதில் எழுபது போனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. சுண்டு ஏறவில்லை. நேற்றைவிட முப்பது கிராம் இறங்கியிருக்கிறாள். சுவரில் கடிகாரம் இரண்டே கால் காட்டியது.

இப்போது நீங்கள், உடனே போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நானும் வேறு யாராவது இதைச் சொன்னால் அப்படித்தான் எகிறிக் குதிப்பேன். சொன்னால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "ஒவ்வொரு துணிக்கும் ஜீரோ பண்ணலையா?" என்பதுதான். அதற்கு நான் வாயைத் திறந்தால் எக்ஸ்பிரஸ் சிஸ்டர் தலையில் இரண்டாவது மெமோ. என் தாளில் பெரிய சிஸ்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்த இரண்டில் எதற்காக அதிகம் பயந்தேன் என்று கேட்காதீர்கள். சிஸ்டருக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாடிப்படிப் பக்கம் போய் எக்ஸ்பிரஸ் சிஸ்டருக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "என்னடி வாலு, அதுக்குள்ள என் ஞாபகம் வந்திடுச்சா?"



"சும்மாதான் சிஸ்டர். பத்திரமா போங்க."

வைத்துவிட்டேன். என்னைப் போல ஒரு கோழை அந்தக் கட்டிடத்திலேயே இருக்க முடியாது. மீண்டும் அறைக்கு வந்தபோது சுண்டுவின் அம்மா தொட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். தலை வாரி, புதுத் துணி உடுத்தி, ஒரு வாரத்தில் முதல் தடவையாக மனிதத் தோற்றத்தில் இருந்தாள். குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு மணிக்குக் கொஞ்சம் குடிச்சா. அதுல இருந்து தூக்கம்தான்" என்றாள் அக்கா. "மணி ரெண்டரை ஆகுது. எழுப்பட்டுமா? இல்ல, எடைதான் ஏறிடுச்சே, தூங்கட்டும்னு விட்டுடலாமா?"

என்னிடம்தான் கேட்டாள். கைராசிக்காரியிடம். எழுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஏன் என்று அவள் கேட்டால் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாளோ என்று குனிந்து தொட்டில் சக்கரத்தைத் துடைத்தேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. சிஸ்டர கேளுங்க."

மதிய சிஸ்டர் டிஸ்சார்ஜ் தாள்களில் மூழ்கியிருந்தார். அக்கா அவரைத் தொந்தரவு செய்யத் தயங்கினாள். "சரி, வீட்டுக்குப் போய் குடுத்துக்கிறேன்" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.

மூன்று மணிக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. உண்மையைச் சொல்லாமலே குழந்தையை மறுபடி மெஷினில் ஏற்றிவிட்டால்? மதிய சிஸ்டரிடம் போய் இளித்தேன்.

"சிஸ்டர், சுண்டுவ போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ எடை பார்த்துடலாமா?"

"எதுக்கு?"

"சும்மா, ஒரு ஞாபகத்துக்கு."

"ஞாபகத்துக்கு எடை பார்க்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றார் தலை நிமிராமல். "துணி போட்டு, தொப்பி போட்டு, எல்லாம் ஆச்சு. அவுத்துக் குளிர விடச் சொல்றியா? போய் நாப்கின் அடுக்கு."

அடுக்கினேன். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன். பெரிய சிஸ்டர் கீழே கூட்டத்தில் இருக்கிறார், நாலு மணிக்கு வருவார் என்று யாரோ சொன்னார்கள். வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று மென்று விழுங்கிக்கொண்டேன். அவர் நாலு மணிக்கு வரவில்லை. சுண்டுவின் அப்பா வந்தார். அவசரத்தில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு மாட்டி வந்திருந்தார். அக்கா அதைக் காட்டிச் சிரித்தாள், வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே சகிக்கவில்லை.

கிளம்பும்போது அக்கா குழந்தையை என் கையில் கொடுத்தாள். "ஒரு தடவ தூக்கிக்கோ. நீதானே இவள வீட்டுக்கு அனுப்பி வைக்கிற." நூறு மணி நேரத்தில் நான் தூக்கிய நான்காவது குழந்தை. எடையே இல்லை. தொப்பிக்குக் கீழே நெற்றி மஞ்சளாகத் தெரிந்தது. கண் திறக்கிறாளா என்று விரலால் உள்ளங்காலைச் சுரண்டினேன். சுண்டு முகத்தைச் சுளித்தாள். அழவில்லை. மறுபடி தூங்கிவிட்டாள்.

திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் லிப்ட்டுக்குள் போனார்கள். கதவு மூடியது. மேலே எண் மூன்றிலிருந்து இரண்டானது.

அப்புறம் நான் என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியாது. மெமோவும் தாளும் எங்கே போயினவோ. படிகளில் ஓடினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து ஓடினேன். வாசலில் வாடகைக் கார் நின்றிருந்தது. அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுண்டுவின் அப்பா பெட்டியைப் பின்னால் வைத்து மூடிக்கொண்டிருந்தார். நான் போய்க் காரின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதீங்க. எடை தப்பு."

"என்னம்மா சொல்ற?" என்றார் அவர்.

"காலையில பார்த்த எடை தப்பு. நான் தடிச்ச துணிய போட்டுட்டேன். ஏறல. எறங்கியிருக்கா."

"விளையாடுறியா நீ?" அவர் குரல் ஏறியது. "டாக்டரே போகச் சொல்லிட்டாரு. வீட்டுல எல்லாரும் வாசல்ல காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு துணி மடிக்கிற பொண்ணு வந்து..."

அக்கா என்னைப் பார்த்தாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள்.

பெரிய சிஸ்டரை லிப்ட் வாசலிலேயே பிடித்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். தடித்த துணி, ஏழு துணி, ஒரே ஒரு ஜீரோ. எக்ஸ்பிரஸ் சிஸ்டரைப் பற்றிக் கேட்டபோது ஒரு கணம் தயங்கினேன். பிறகு அதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நேரே மெஷினுக்குப் போய், மெல்லிய துணியை விரித்து, ஜீரோவை அமுக்கி, சுண்டுவின் உடைகளைத் தானே அவிழ்த்தார். பச்சை எண்கள் ஓடி நின்றன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.

இந்தத் தடவை யாரும் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. டாக்டர் வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையைத் திருப்பிப் பார்த்தார், நெஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அப்போதுகூட சுண்டு சன்னமாகத்தான் அழுதாள். முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. மஞ்சள் காமாலை ஏறியிருந்தது. நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

டாக்டர் சுண்டுவின் அப்பாவிடம் நேராகவே பேசினார். "காலையிலேயே லேசா மஞ்சள் இருந்தது. எடை ஏறியிருக்கு, பால் நல்லா போகுது, தானா கொறஞ்சிடும்னு நான் விட்டுட்டேன். இப்ப பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுக்குப் போயிருந்தா தூங்கிக்கிட்டே இருந்திருப்பா. சமத்துப் பிள்ளன்னு நீங்களும் எழுப்பாம விட்டிருப்பீங்க."

சுண்டுவின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "கீழ கத்திட்டேன், மனசுல வச்சுக்காதம்மா. நீ மட்டும் ஓடி வராம இருந்திருந்தா..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பெரிய சிஸ்டர் என் தோளில் கை வைத்தார். "தப்பு நடக்கும். சொன்ன பாரு, அதுதான் வேணும்" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. மதிய சிஸ்டர் என் முழங்காலுக்கு மருந்து போட்டார். எக்ஸ்பிரஸ் சிஸ்டரின் மெமோவைப் பற்றி யாரும் பேசவில்லை. அது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்கா மட்டும் நீல விளக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவின் அப்பா வீட்டுக்குப் போன் பண்ண வெளியே போனார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டாள், திரும்பாமல்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கோபமே இல்லை. லிப்ட் கதவு மூடியபோதுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நான் சொல்லாமல் வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. துணியை மெஷினில் வைத்தபோது அந்த அறையில் எட்டுக் குழந்தைகளைத் தவிர யாரும் இல்லை.

"ரெண்டே காலுக்குக்கா."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பது. பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, எழுப்பட்டுமான்னு நான் கேட்டேனே."

"ஆமாக்கா."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பால் கொடுக்க எழுந்து நீல விளக்கை அணைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பத் தொடங்கினாள். சுண்டு எழவில்லை. மறுபடி சுண்டினாள். பால் குடிக்கும் சத்தம் கேட்கும்வரை நான் அங்கேயே நின்றேன். போ என்றும் அவள் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.